மட்டக்களப்பில் மனித உரிமைச் சட்டத்தரணிகளும் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் வகுப்பு எடுக்கிறேன். இருபது வருடமாக மட்டக்களப்பு நீதிமன்றங்களில் நிற்கிறவள் என்பதால், பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய் தகப்பன்மாரும் வகுப்பு முடிந்ததும் கேள்வியோடு வருவார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றித்தான் இருக்கும். கைதானவர்களுக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் வழக்குப் பேசியவர்கள் ஏன் அரசியலுக்குப் போனார்கள்? போய் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு என்ன ஆனது? வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

மனித உரிமைச் சட்டத்தரணி என்று தனியாக ஒரு பட்டம் இருக்கிறதா?

இல்லை. உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பெயர் பதிந்தால் எல்லோரும் சட்டத்தரணிதான். காணி வழக்குப் பேசுகிறவர், உறுதி முடிக்கிறவர், கொலைவழக்கு எடுக்கிறவர், எல்லோருக்கும் அதே கோட்டுத்தான். எந்தப் பைலை மேசையில் வைத்திருக்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

அந்தப் பைல்கள் பெரும்பாலும் காசு வராத பைல்கள். சுற்றிவளைப்பில் பிடிபட்ட பொடியன், மூன்று முகாம் ஏறி இறங்கியும் மகனைக் காணாத தாய், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தவர். இப்படிப்பட்டவர்களுக்குச் சத்தியக்கடதாசி எழுதி, பிடிபட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவோ அடிப்படை உரிமை மீறல் மனுவோ தாக்கல் செய்து, தவணைக்குத் தவணை எழுந்து நிற்பதுதான் வேலை. ஊரில் யாரும் இவர்களை ‘மனித உரிமைச் சட்டத்தரணி’ என்று சொல்ல மாட்டார்கள். “அவர் பயங்கரவாதத் தடைச் சட்டக் கேஸ் எடுக்கிறவர்” என்பார்கள். அப்படிச் சொன்னாலே போதும், விளங்கிவிடும்.

மட்டக்களப்பில் அப்படி நீதிமன்றத்திலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர் யார்?

முதலில் சொல்ல வேண்டிய பெயர் சாம் தம்பிமுத்து. இன்றைய பிள்ளைகளில் அநேகருக்கு இந்தப் பெயர் தெரியாது என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

தகப்பன் ஈ. ஆர். தம்பிமுத்து சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையில் உறுப்பினராக இருந்தவர். அரசியல் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் மகன் சாமை ஊர் அறிந்தது வழக்கறிஞராக. குற்றவியல் வழக்குகளில் தேர்ந்தவர். 1980களில் கைதுகள் பெருகியபோது அந்தத் தேர்ச்சி முழுவதும் தடுப்பிலிருந்தவர்கள் பக்கம் திரும்பியது. மட்டக்களப்புப் பிரசைகள் குழுவிலும் முன்னின்றார். கிழக்கில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

பிரசைகள் குழு என்றால் என்ன? கட்சியா?

கட்சியல்ல. அது ஏன் உருவானது என்று விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

1983 ஆகஸ்டில் அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யாதவர் பாராளுமன்றத்தில் இருக்க முடியாது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். மட்டக்களப்பின் மூத்த அரசியல்வாதி செ. இராசதுரை அதற்கு முன்பே, 1979இல், ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சராகியிருந்தார். ஆக, ஒரு கிராமம் சுற்றிவளைக்கப்பட்டால், “எங்கள் எம்.பி.யிடம் சொல்வோம்” என்று கூட்டணிக்கு வாக்குப் போட்ட சனம் போய்த் தட்டுவதற்குக் கதவில்லை.

அந்த வெற்றிடத்தில் எழுந்தவைதான் பிரசைகள் குழுக்கள். பாதிரிமார், அதிபர்மார், சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் கூடினார்கள். முகாமுக்குப் போய்ப் பொறுப்பதிகாரியோடு பேசுவது, பிடிபட்டவர்களின் பெயர்களைத் திரட்டுவது, இறந்தவர்களின் உடலைப் பெற்றுக்கொடுப்பது, நடந்ததைத் திகதியோடு எழுதிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவது, இவையே அவர்கள் வேலை. 1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவில் இறால் பண்ணைத் தொழிலாளரும் ஊரவரும் கொல்லப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. ஒரு பெயர் உலகத்துக்குப் போக வேண்டுமானால் யாரோ ஒருவர் சைக்கிளில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்டு எழுத வேண்டும்.

1990இலிருந்து இதே பணியைச் சமாதானக் குழுவில் தொடர்ந்தவர்களில் புனித மைக்கேல் கல்லூரியின் இயேசுசபைக் குருக்களும் இருந்தார்கள். அருட்தந்தை ஹரி மில்லர் அதில் ஒருவர். அருட்தந்தை இயூஜின் ஹேபேர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். பெயர் எழுதினவரே பெயராகிப் போன காலம் அது.

சரி, நீதிமன்றத்திலேயே நின்றிருக்கலாமே? ஏன் அரசியல்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். சட்டத்தரணி நின்று பேசக்கூடிய இடத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் எங்கே என்று சொன்னால் விளங்கும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்று தலைப்பிலேயே எழுதிக்கொண்டு வந்தது, 1982இல் நிரந்தரமானது. ஒருவரை அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை தடுத்துவைக்கலாம் என்றது. 2022இல்தான் அது பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. சாதாரணக் குற்றவழக்கில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்தால் பயன்படுத்தலாம். அது தன் விருப்பப்படி கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, கொடுத்தவரின் தலையில்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993 ஜூலையில் பிடிபட்ட ஒருவரின் வழக்கை வகுப்பில் எப்போதும் சொல்வேன். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் ஒன்றில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்தே ஐம்பது வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அந்த முடிவைக் கொண்டு வழக்கை மீண்டும் பார்க்குமாறு கேட்டபோது, குழுவிடம் முறையிட வழிவிட்ட நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் மறுத்துவிட்டது.

இதில் எந்தச் சட்டத்தரணி சோம்பியிருந்தார்? யாருமில்லை. அவர்கள் போகக்கூடிய கடைசிப் படிவரை போனார்கள். ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை ஒரு விடயம் சொல்கிறது: ஒரு சட்டமூலம் நிறைவேறிச் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால், அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய நாட்களுக்குள் போனால் மட்டுமே உண்டு. இந்தியாவில் சட்டம் வந்து ஐம்பது வருடம் கழித்தும் செல்லாது என்று வாதிடலாம், இங்கே முடியாது. அந்த ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்று பேசலாம், விரல் அடையாளத்தைப் பற்றிப் பேசலாம். ஒப்புதலைச் சாட்சியமாக்கும் பிரிவை அழிக்கும் கை பாராளுமன்றத்தில் இருக்கிறது.

ஐம்பது பைல் தோற்ற பிறகு, ஒரே பிரிவால்தான் ஐம்பதும் தோற்றன என்று உணரும் சட்டத்தரணிக்குக் கால் எந்தப் பக்கம் போகும்?

1989 தேர்தலில் மட்டக்களப்பில் என்ன நடந்தது?

1989 பெப்ரவரி 15. விகிதாசார முறையில் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தல். இந்திய அமைதிப்படை இங்கே நின்ற நேரம். தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ரெலோ, ஈ.என்.டி.எல்.எஃப். ஆகிய இயக்கங்களும் ஒரே பட்டியலில், உதயசூரியன் சின்னத்தில் கேட்டன. தம்பிமுத்து அந்தப் பட்டியலில் வென்றார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அதிபராக இருந்த பிரின்ஸ் காசிநாதரும் வென்றார். கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் மட்டக்களப்பில்தான் கேட்டார், தோற்றார், தேசியப் பட்டியலால் உள்ளே போனார். அதே வருடம் ஜூலை 13 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார்.

படைகளின் நிழலில் நடந்த தேர்தல் என்று அதைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆயுதம் வைத்திருந்த இயக்கங்களோடு ஒரே பட்டியலில் நின்றது தம்பிமுத்துவின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிரசைகள் குழுக் காலத்தில் அவர் எழுதிக்கொடுத்த மனுக்கள் அதனால் பொய்யாகிவிடவில்லை.

அவருக்கு என்ன ஆனது?

1990 மே 7. கொழும்பில் கனேடிய உயர் ஸ்தானிகராலயத்துக்கு வெளியே அவரையும் மனைவி கலாவையும் சுட்டார்கள். அவர் இறந்தார், படுகாயமடைந்த கலாவும் பின்னர் உயிரிழந்தார். சுட்டது விடுதலைப் புலிகள் என்பதே பரவலாகப் பதிவாகியிருக்கிறது. இதை மட்டக்களப்பில் தாழ்ந்த குரலில் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. நான் பிள்ளைகளிடம் நேராகச் சொல்வேன். அரச படைகள் கொன்றவர்களின் பைலை எடுக்கிறோம் என்றால், இயக்கங்கள் கொன்றவர்களின் பைலையும் எடுக்க வேண்டும்.

அவர் இறந்து ஐந்து வாரத்தில், ஜூன் மாதம், யுத்தம் மறுபடி வெடித்தது. செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான் படுகொலை. எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பாவைத் தேடி அம்மம்மா யாரிடம் பெட்டிசம் எழுதுவிப்பது என்று அலைந்தது நினைவில் இருக்கிறது. “தம்பிமுத்து ஐயா இருந்திருந்தால்” என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தப் பெயரை நான் முதலில் அறிந்தேன்.

இப்படிப் பலியான வேறு சட்டத்தரணி அரசியல்வாதிகள் உண்டா?

மட்டக்களப்புக்கு வெளியே மூன்று பெயர்கள். நீலன் திருச்செல்வம், தேசியப் பட்டியல் எம்.பி., 1999 ஜூலை 29. குமார் பொன்னம்பலம், தடுப்பிலிருந்தவர்களுக்காக ஓயாமல் பேசியவர், 2000 ஜனவரி 5. யாழ்ப்பாண மேயராக இருந்து எம்.பி.யான நடராஜா ரவிராஜ், 2006 நவம்பர் 10. முதலாமவரைப் புலிகளின் தற்கொலைக் குண்டு கொன்றது. ரவிராஜ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரையும் 2016 டிசம்பரில் ஜூரி விடுவித்தது. கொன்ற கைகள் வேறு, ஆனால் மூவரும் கொழும்பில்தான் விழுந்தார்கள்.

மட்டக்களப்பு எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் சட்டத்தரணியல்ல. ஆனாலும் மனித உரிமை என்ற பேச்சில் அவரை விட முடியாது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள் சுடப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பைலும் பதிலில்லாமல் மூடிக்கிடக்கிறது.

அம்பாறையில்?

எம். எச். எம். அஷ்ரப் பற்றிக் கேட்காமல் கல்முனைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி. மனித உரிமைச் சட்டத்தரணி என்ற அடைமொழி அவருக்குச் சரியாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். ஆனால் சட்டப் புத்தகத்தின் ஒரு வரி ஒரு சமூகத்தின் குரலை எப்படி அடைக்கும், எப்படித் திறக்கும் என்று அவரைப்போல் கண்டவர்கள் குறைவு. ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 12.5 வீதம், எடுக்காத கட்சிக்கு ஆசனமில்லை என்பது 1978 அரசியலமைப்பின் கணக்கு. 1988 டிசம்பரில் பதினைந்தாவது திருத்தம் அதை 5 வீதமாக்கியது. அதற்குப் பின்னால் அவர் தொடங்கிய முஸ்லிம் காங்கிரசின் பேரம் இருந்தது. சிறிய கட்சிகள் எல்லாமே இன்றுவரை அந்தத் திருத்தத்தின் நிழலில்தான் நிற்கின்றன. அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்றும் சொல்வேன். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கல்லடியிலிருந்து காத்தான்குடி எட்டிப் பார்க்கும் தூரம். அந்தத் தாய்மாரின் பைலைத் தன் மேசையில் வைக்கத் தயங்குகிறவர் மட்டக்களப்பில் மனித உரிமை என்று வாய் திறக்கக் கூடாது.

எம்.பி. ஆன பிறகும் வழக்குப் பேசலாமா?

பேசலாம். அரச உத்தியோகத்தர் பதவியை விட்டால்தான் பாராளுமன்றத்தில் அமரலாம்; சட்டத்தரணிக்கு அந்தத் தடை இல்லை. காலையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றுவிட்டுப் பிற்பகலில் சபையில் பேசுகிறவர்கள் உண்டு.

சட்டம் தடுக்காவிட்டாலும் நாட்காட்டி தடுக்கும். கல்யாண வீடு, கோயில் திருவிழா, வாய்க்கால் திறப்பு, விருப்பு வாக்குக்காக ஊர் ஊராக அலைச்சல். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று பேர்வரை விருப்பு இலக்கம் என்ற இந்த முறையில் ஒரே பட்டியலில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் வெல்ல வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கே ஐந்து ஆசனம். அந்த ஓட்டத்தில் முதலில் கைவிடப்படுவது காசு வராத பைல்தான். எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். ஜூனியரிடம் கொடுத்துவிட்டேன் என்பார்கள். ஜூனியருக்கு வாதியின் பெயர்கூடத் தெரியாது. அரசியலுக்குப் போகிறவர் குறைந்தது நாலு பைலையாவது தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சபையில் எழும்பிப் பேசும்போது அந்த நாலு தாய்மாரின் முகம் முன்னால் நின்றால் பேச்சு வேறு விதமாக வரும்.

சபையில் பேசி என்ன பயன்? பேச்சுத்தானே?

1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்களும் சிறப்புரிமைகளும் சட்டப்படி, சபைக்குள் சொன்னதற்காக ஓர் உறுப்பினரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. வெளியில் சொல்லப் பயப்படும் ஒரு முகாமின் பெயரை உள்ளே சொல்லலாம். சொன்னது பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும். முப்பது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை அதைத் தேடி எடுக்கலாம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அமர்ந்த விடயமும் நீதிமன்றம், வீதி, சபை என்று மூன்று இடத்திலும் ஒன்றாகப் பேசப்பட்டதால்தான் கொழும்புக்குக் கேட்டது.

மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். வழி என்ன?

கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை, மூன்று வருடப் படிப்பு, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி. அல்லது கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டப் பட்டம் எடுத்து, அதன் பிறகு சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை. ஆங்கிலத்தை இப்போதே உறுதியாக்குங்கள். உயர் நீதிமன்ற மனு ஆங்கிலத்தில்தான் போகும். சிங்களமும் வேண்டும், ஏனென்றால் தடுப்பிலிருக்கிறவரின் வாக்குமூலம் அந்த மொழியில் இருக்கும்.

பெண் என்றால்?

க. தங்கேஸ்வரி 2004இல் மட்டக்களப்பிலிருந்து பாராளுமன்றம் போனார். உள்ளூராட்சி சபைகளில் இப்போது நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு. அங்கிருந்து தொடங்குங்கள், மகள்.

இன்று யாராவது கைதானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. “விட்டுவிடுவார்கள், பார்ப்போம்” என்று காத்திருந்து அந்த மாதத்தை இழந்த குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை அங்கே நடக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் அலுவலகங்கள் இருக்கின்றன. அவசரத் தொலைபேசி 1996. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கைது செய்தவரின் கடமை. அறிவித்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.

ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு. முன்னர் அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் வந்தது; மட்டக்களப்பிலேயே தாக்கல் செய்யலாம். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அதை இதற்காகத்தான் உருவாக்கியது.

எங்கள் சட்டத்தரணி இறந்துவிட்டார். மகனின் பைல் அவரோடு போய்விட்டது. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டிய அம்மாமார். சிலருடைய கடதாசிகள் 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் வீட்டோடு கடலில் போயின. சிலருடையதைக் கறையான் தின்றது.

வழக்கு இலக்கம் தெரிந்தால் நீதிமன்றப் பதிவறையில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் துண்டு, கிராம சேவகரின் கடிதம், எம்.பி. ஒருவர் போட்ட பதில், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல் போனோர் அலுவலகத்தில் பலர் நம்பிக்கை இழந்திருக்கிறார்கள். நானும் அதற்குக் குறை சொல்லக்கூடியவள்தான். ஆனாலும் மகனின் பெயர் அங்கே பதிவாகியிருக்க வேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும். இருக்கும் கடதாசியை மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லையா? அப்படியும் வாருங்கள் அம்மா. பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம், அப்போது கூட நின்றவர்கள். இந்த நாலையும் சொன்னால் புதுப் பைல் திறக்கலாம். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்கென்றே கொப்பியோடு இருப்பார்கள்.